வேப்பமரம் போன வீட்டுக்கு எத்தனை டன் ஏசி?

ஏசி வாங்கப் போனா எந்தக் கடையிலயும் முதல்ல கேக்குறது ஒரே கேள்விதான், "ரூம் சைஸ் என்ன மேடம்?" நீளம் அகலம் சொன்ன உடனே கால்குலேட்டர்ல ஒரு தட்டு தட்டி "ஒன்றரை டன் போதும், மேல வெயில் நேரா அடிக்கும்னா ரெண்டு டன்னா போட்டுக்குங்க"ன்னு பதில் வந்துடும். தளம் கான்கிரீட்டா, மெட்ராஸ் டெரஸா, ஓடா, ரூம் உயரம் எவ்வளவு, மேக்கால பாத்த சுவரு இருக்கா, கடலுக்கு எவ்வளவு தூரம், இதெல்லாம் யாரும் கேக்கல. நான் ஏறி இறங்குன எந்தக் கடையிலயும் கேக்கல. பழைய வீடு வெச்சிருக்குறவங்க எல்லாருக்கும் இதே கதைதான் நடக்குதுன்னு நெனைக்கிறேன், அதனாலதான் ரெண்டு கோடை தாண்டியும் இது மனசுல அரிச்சுக்கிட்டே இருக்கு, எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

டன்னுங்கறது சூட்டோட கணக்கு. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருகுறதுக்கு எவ்வளவு சூட்ட உறிஞ்சுமோ அந்த வேகத்துக்குப் பேருதான் ஒரு டன். மணிக்கு 12,000 பிடியூன்னு சொல்லுவாங்க, பிடியூங்கறது சூட்ட அளக்குற ஒரு அலகு, கிலோவாட்ல சொன்னா மூன்றரை. அப்ப எத்தனை டன்னு கேட்டா, உன் ரூமுக்குள்ள எவ்வளவு சூடு எந்தப் பக்கத்துலேருந்து எப்ப வருதுன்னுதான அர்த்தம்? தரையோட நீள அகலத்த மட்டும் வெச்சு அத எப்படிச் சொல்ல முடியும்?

எங்க வீடு கடலூர் முதுநகர்ல. எங்க தாத்தாவுக்கு அப்பா கட்டுனது. திண்ணை, நடை, முத்தம், முத்தத்த சுத்தி தாழ்வாரம், கடைசில கொல்லை. முன் பாதி மெட்ராஸ் டெரஸ், பின்னாடி சமையக்கட்டும் அதையொட்டின ரூமும் நாட்டு ஓடு. மெட்ராஸ் டெரஸ்னா தேக்குக் கட்டைங்கள வரிசையா போட்டு, அதுமேல சின்ன சைஸ் செங்கல்ல செங்குத்தா நிறுத்தி சுண்ணாம்புல கட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி நாள் கணக்கா பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையால தட்டித் தட்டி இறுக்கி, மேல தட்டோடு பதிச்ச தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணிதான் ஊத்துவாங்களாம். எல்லாம் சேத்து ஒரு அடி கனத்துக்குப் பக்கமா வரும். சுவரு ஒன்றரை அடி. ரூமு உயரம் பதிமூணு அடி. சின்ன வயசுல மே மாசம் லீவுக்கு வர்ற சித்தப்பா பசங்க எல்லாரும் மத்தியானம் கூடத்துல வெறுந்தரையில படுத்துத் தூங்குவோம், பாய் கூட வேணாம்போம், தரை அப்படி குளுகுளுன்னு இருக்கும். அந்த வீட்டுலதான் இப்ப எழுபத்தெட்டு வயசு அப்பா ராத்திரி தூங்க முடியாம கட்டில இழுத்துக்கிட்டு ரூம்லேருந்து கூடத்துக்கும், கூடத்துலேருந்து தாழ்வாரத்துக்கும் அலைஞ்சாரு.

என் தம்பி பெங்களூர்ல இருக்கான், அவனுக்கு வேற பேச்சே இல்ல. "அக்கா, ரெண்டு டன் ஒண்ணு அப்பா ரூமுக்கு, ஒன்றரை டன் ஒண்ணு கூடத்துக்கு, காசு நான் போட்டு விடுறேன், இந்த மாசமே முடிச்சிடு." அவன் அக்கறைய நான் குறை சொல்லல, தூரத்துல இருக்குற பிள்ளைக்கு அப்பா தூங்கலன்னு கேட்டா அப்படித்தான் பதறும். அப்பா இந்தப் பக்கம், "கதவ ஜன்னல சாத்திக்கிட்டு பொட்டிக்குள்ள படுக்க சொல்றியா, எனக்கு வேணாம்மா"ன்னு ஒரே பிடிவாதம். நடுவுல அவர் சொன்ன ஒரு வார்த்தைய நாங்க யாருமே கவனிக்கல. "பகல்ல பரவால்லம்மா, ராத்திரி பத்து மணிக்கு மேலதான் சுவரும் மேல்தளமும் அனலடிக்குது." வெயில் இல்லாத நேரத்துல வீடு எப்படி சூடாவும்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருந்தா பாதி விஷயம் அங்கயே புரிஞ்சிருக்கும்.

முதல்ல ஏர்கூலர் வந்தது. சொந்தக்காரங்க ஒருத்தர் வேலூர்ல நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லி அனுப்பி வெச்சாரு. வேலூர்ல வேலை செய்யும், காத்து காஞ்ச காத்து, தண்ணி ஆவியாவும், ஆவியாவுறப்ப சூட்ட எடுத்துக்கும். கடலூர்ல கத்திரியில மேக்காத்து அடிக்கிற மத்தியானத்துல ஓரளவுக்கு நல்லாத்தான் இருந்தது. சாயங்காலம் கடக்காத்து உள்ள வந்து காத்துல ஈரம் எண்பது பர்சென்ட்டத் தொட்டதும் அந்த மெஷின் தண்ணியத்தான் நம்ம மேல அடிக்குது, உடம்பெல்லாம் பிசுபிசுன்னு ஆயி அப்பாவுக்கு இருமலும் வந்துடுச்சு. கடலோரத்துல இருக்குறவங்க யாராவது ராத்திரித் தூக்கத்துக்குன்னு கூலர் வாங்க நெனச்சா தயவுசெஞ்சு வேணாம், அந்தக் காச வேற எதுக்காவது வெச்சுக்குங்க.

"ஏம்மா, இங்க ஒரு வேப்பமரம் நிக்குமே?"

மாடியில ஒரு விரிசல் வழியா மழைக்கு ஒழுகும், அத பாக்குறதுக்குன்னு சித்திரையில ஒரு பழைய மேஸ்திரிய வரச் சொல்லியிருந்தோம். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாருங்க இப்ப ரொம்ப கொறைஞ்சிட்டாங்க, இவரு எங்க அத்தை கல்யாணத்துக்கு வீடு பூரா பூசி வெள்ளையடிச்சவரு, அதுக்கப்பறம் இந்தப் பக்கம் வந்ததே இல்ல. வயசாயிடுச்சு, வெயில் தாழ வரேன்னு சொல்லி ஆறரை மணிக்கு மேல வந்தாரு. படியில மெதுவா ஏறி, செருப்ப கழட்டி ஓரமா வெச்சுட்டு, வெறுங்காலோட தளத்துல நின்னாரு. விரிசல் எங்கன்னு காட்டப் போனேன், அவரு அத பாக்கவே இல்ல. மேக்கால திரும்பி நின்னு, "ஏம்மா, இங்க ஒரு வேப்பமரம் நிக்குமே, அதும் நெழல்லதான நாங்க சோறு தின்னுவோம், எங்க அது?"ன்னு கேட்டாரு.

தானே புயல்ல போச்சு. 2011 டிசம்பர் 30 விடியக்காலை. கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரையேறுன புயல், இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு அத நான் சொல்லத் தேவையில்ல, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் மொத்தமா சாஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், கரண்ட்டு வர எத்தனை நாள் ஆச்சுன்னு ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கதை இருக்கும். எங்க வீட்டு மரம் கொல்லைப் பக்கமா வேரோட சாஞ்சது, வீட்டு மேல விழலன்னு அப்ப அம்மா சாமிக்கு வேண்டுதல் செலுத்துனாங்க. மரம் போனத பத்தி யாரும் அப்பறம் பேசல. அது நெழல் கொடுத்த மரம்னு தெரியும், ஆனா அது மத்தியானம் ரெண்டு மணிலேருந்து பொழுது சாயுற வரைக்கும் அந்த மேல் சுவரையும் பாதித் தளத்தையும் மறைச்சுக்கிட்டு நின்ன மரம்னு யாரும் கணக்குப் பண்ணி வெக்கல.

மேஸ்திரி குந்தி உக்காந்து உள்ளங்கைய தளத்துல வெச்சாரு. கொஞ்ச நேரம் எடுக்கவே இல்ல. "வெயிலு போயிடுச்சும்மா, தளத்துக்கு இன்னும் போவல. இது உள்ள எறங்க நடுராத்திரி ஆவும்"னாரு. நானும் கைய வெச்சுப் பாத்தேன், சுட்டுது. அப்பறம் அவரு அங்கங்க விரல் நகத்தால சுரண்டுனாரு, தட்டோட்டு மேல சாம்பல் கலர்ல சிமென்ட் பூச்சு. இது ஒழுகுதுன்னு சொல்லி முன்ன ஒரு தடவ யாரோ ஆளுங்கள வெச்சுப் பூசுனது. "வருஷா வருஷம் மாசியில வெள்ளையடிப்பாங்களே உங்க பாட்டி, அத விட்டுட்டீங்களா"ன்னு கேட்டாரு. விட்டாச்சு, பாட்டி போனதோட அது விட்டுப்போச்சு. கடைசியா எழுந்து கெழக்கால பாத்தாரு. கெழக்கால ஒண்ணும் தெரியாது இப்ப, அடுத்த மனையில நாலு மாடி எழும்பி நிக்குது. முன்னெல்லாம் மத்தியானத்துக்கு மேல கடக்காத்து திண்ணையில ஏறி நடை வழியா முத்தத்துக்கு வந்து கொல்லைக் கதவு வழியா வெளிய போவும், நடையில உக்காந்தா பேப்பர் பறக்கும்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இந்த வீடு பழசாயிடுச்சு, அதனாலதான் சூடாவுதுன்னுதான் நாங்க எல்லாரும் பேசிக்கிட்டு இருந்தோம், தம்பி கூட "பழைய வீடு அப்படித்தான்க்கா"ன்னான். வீடு மாறவே இல்ல. அதே சுவரு, அதே தளம், அதே ஜன்னல். மேக்கால இருந்த மரம், கெழக்கால இருந்த காத்து, மேல இருந்த வெள்ளைச் சுண்ணாம்பு, இந்த மூணும் ஒண்ணொண்ணா வெவ்வேற வருஷத்துல போயிடுச்சு. ஒண்ணொண்ணா போனதால எது போனதுன்னு யாருக்கும் உறைக்கல. கனமான தளத்துக்கும் சுவருக்கும் ஒரு குணம் உண்டு, வெயிலோட சூட்ட வாங்கி உள்ள அனுப்ப எட்டு மணி நேரம் பத்து மணி நேரம் எடுத்துக்கும். நெழலும் வெள்ளையும் இருந்தப்ப வாங்குனதே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்த ராத்திரி கடக்காத்து தொடச்சு எடுத்துட்டுப் போயிடும், அதனால அந்தக் குணம் நமக்கு நல்லது பண்ணுச்சு. இப்ப நாள் பூரா வெயில வாங்கி வெச்சுக்கிட்டு அப்பா கட்டில்ல படுக்குற நேரத்துக்கு எறக்குது. அதே குணம்தான்.

முதல்ல சுண்ணாம்பு

ஏசிய ஒரு மாசம் தள்ளி வெச்சேன். தம்பிக்குக் கோவம்தான். மேஸ்திரி ரெண்டு ஆளுங்கள வெச்சு, பொரிஞ்சு நின்ன சிமென்ட்ட மட்டும் பதமா கொத்தி எடுத்தாரு, நல்லா ஒட்டிக்கிட்டு இருந்தத தொட வேணாம், தட்டோடு சேந்து வந்துடும்னாரு. சுண்ணாம்புத் தளத்துமேல சிமென்ட் பூசுனா ரெண்டும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரியாது, அதனாலதான் விரிசலே வந்ததுன்னு எடுத்துக் காட்டுனாரு, விரிசல் எல்லாம் சிமென்ட் ஓரத்தப் பிடிச்சுத்தான் ஓடியிருந்தது. சந்தெல்லாம் சுண்ணாம்புக் கலவையில அடைச்சு, அப்பறம் தளம் பூரா சுண்ணாம்ப கெட்டியா ரெண்டு கோட்டு. எலக்ட்ரீஷியன்கிட்ட சூடு பாக்குற துப்பாக்கி மாதிரி ஒண்ணு இருந்தது, சுண்ணாம்புக்கு முன்னாடி ராத்திரி பத்தரைக்கு ரூம் உள்ளேருந்து மேல்தளத்த நோக்கிப் பிடிச்சா 37 காட்டுனது, அடிச்சதுக்கு அப்பறம் அதே மாதிரி வெயில் நாள்ல 33. இது என் வீட்டுக் கணக்கு, உங்க வீட்டுக்கு வேற வரலாம். மொத்தச் செலவு ஏசி விலைல கால்வாசி கூட வரல. மழையில கரைஞ்சு போவும், அதனால வருஷா வருஷம் அடிக்கணும், அது வேலைதான். மேல் சுவருக்கு வெளிய ஒரு முழம் தள்ளி மூங்கில் தட்டி கட்டியிருக்கோம், சுவரோட ஒட்டாம, நடுவுல காத்து ஏறி எறங்குற மாதிரி. புங்கங்கன்னும் ஒண்ணு வெச்சிருக்கு, அது நெழல் கொடுக்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆவும்.

இதோட ஏசி தேவையில்லன்னு ஆயிடுமான்னா, இல்ல. அத நான் தெளிவாவே சொல்லிடுறேன், ஏன்னா பழைய வீட்டப் பத்தி எழுதுறவங்க பல பேரு முத்தமும் காத்தோட்டமும் போதும்னு எழுதிட்டுப் போயிடுறாங்க. கத்திரியில காத்தே அசையாத ராத்திரி வருது, வெளியவே 30, 31 டிகிரி, ஈரம் எண்பது. வேர்வை காயாது. வயசான உடம்பு அத தாங்காது, அவங்களுக்கு அது அசௌகரியம் மட்டுமில்ல, ஆபத்து. அப்பாகிட்ட இத உக்காந்து பேசுனேன், எல்லா ரூமுக்கும் வேணாம், நீயும் அம்மாவும் படுக்குற ஒரு ரூமுக்கு மட்டும், பகல்ல எல்லாக் கதவும் தெறந்துதான் இருக்கும்னு சொன்னதுக்கு அப்பறம்தான் சரின்னாரு.

பொய்த்தளம் வேணாம்னு சொன்னது

ரூம பாக்க வந்த டெக்னீஷியன் பையன் மேல அண்ணாந்து பாத்துட்டு, "பதிமூணு அடிக்கு கூலிங் நிக்காது மேடம், ஒன்பது அடியில ஜிப்சம் போர்டு ஃபால்ஸ் சீலிங் அடிச்சிடுங்க"ன்னான். நிறைய பழைய வீட்டுல இதத்தான் பண்ணியிருக்காங்க. இதுக்கு நான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. தேக்குக் கட்டை நூறு வருஷம் நிக்கிறது எதனாலன்னா அது கண்ணுக்கு முன்னாடி காத்தாட நிக்கிறதாலதான். கீழ பலகை அடிச்சு மூடிட்டா மேல ஒழுகுனா தெரியாது, கரையான் ஏறுனா தெரியாது. கட்டை சுவருக்குள்ள போய் உக்காருற முனையிலதான் முதல்ல உளுக்கும், அத பாக்கவே முடியாது. அதுவும் ஏசி ரூம்ல மேல ஒரு இருட்டுப் பொந்து, ஈரக்காத்து போய் அடைஞ்சுக்க எடம். ஒரு நாள் மொத்தமா எறங்குறப்பதான் தெரியும்.

உயரத்துக்கு வேற வழி இருக்கு. குளிர் காத்து கனம், கீழதான் எறங்கும். இன்டோர் யூனிட்ட தளத்த ஒட்டி மாட்டாம ஏழரை அடி உயரத்துல மாட்டுனோம், குளிரு கட்டில் மட்டத்துல நிக்குது, மேல ஆறு அடிக்கு சூடு நின்னா நின்னுட்டுப் போவட்டும், அங்க யாரும் படுக்கல. சீலிங் ஃபேன வேகமா விட்டா மேல இருக்குற சூட்ட இழுத்துக் கீழ கலக்கும், அதனால ராத்திரில அத நிறுத்திட்டு சுவத்துல ஒரு ஃபேன், மெதுவா. கதவுக்கு மேல இருந்த வெண்டிலேட்டருக்கு மட்டும் தெறந்து மூடுற மாதிரி கண்ணாடிச் சட்டம் செஞ்சு போட்டாச்சு. மரக்கதவு இடுக்குக்கு ரப்பர் பீடிங். அவ்வளவுதான், எத வேணும்னாலும் நாளைக்கே கழட்டலாம். பழைய வீட்டுல செய்யுற எந்த வேலைக்கும் நான் இப்ப கேக்குற கேள்வி இதுதான், நாளைக்குக் கழட்ட முடியுமா?

இதெல்லாம் பண்ணதுக்கு அப்பறம் எடுத்தது ஒரு டன். தம்பி சொன்ன ரெண்டு டன்ல பாதி. கடைக்காரரு பத்தாதுன்னு பயமுறுத்துனாரு, கூடவே ஹாட் அண்ட் கோல்ட் மாடல் ஒண்ண தள்ளப் பாத்தாரு, மார்கழியில கூட பெரிய குளிரு இல்லாத ஊருக்கு அது எதுக்கு. பெரிய ஏசி போட்டா நல்லதுதானன்னு கேப்பீங்க. கடலோரத்துல அது நல்லதில்ல. நமக்குப் பாதிப் பிரச்சனை ஈரம். ஏசி கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடுனாத்தான் குளிர்ந்த காயில்ல தண்ணி படிஞ்சு குழாய் வழியா வெளிய சொட்டும். தேவைக்கு மேல பெருசா போட்டா சட்டுன்னு குளிரப் பண்ணிட்டு அடங்கிடும், ரூம் சில்லுன்னு இருக்கும், ஆனா தலையணை உறை ஈரமா இருக்குற மாதிரி ஒரு நெளிச்சல். ஒரு டன் ராத்திரி பூரா மெதுவா ஓடிக்கிட்டே இருக்கு, காலைல பாத்தா வாளியில தண்ணி நெறஞ்சிருக்கு, அந்தத் தண்ணி எல்லாம் அப்பா ரூம் காத்துல இருந்த தண்ணி.

மாட்டுன அன்னைக்கு

ஒயரிங்க பத்தி ரொம்ப சொல்லல, பழைய வீட்டுல மரப்பட்டியில ஓடுற ஒயர்லயும் பீங்கான் ஃபியூஸ்லயும் ஏசிய மாட்டக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் மாட்டுறாங்க. மீட்டர்லேருந்து தனியா நாலு ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், தனி எம்சிபி (லோடு கூடுனா தானா ஆஃப் ஆவுற சுவிட்ச்), கொல்லையில புதுசா எர்த். முன்னாடி இருந்த எர்த் கம்பி மண்ணுக்குள்ள உப்பு அரிச்சு பென்சில் முனை மாதிரி ஆயிருந்தது.

அவுட்டோர் யூனிட்ட முத்தத்துல வைக்கலாம்னு டெக்னீஷியன் சொன்னான், அங்கதான் பைப் நீளம் கம்மி, கம்பெனி கூட கொடுக்குற மூணு மீட்டர் பைப்புலயே முடிஞ்சிடும். இது பல பேரு வீட்டுல நடந்திருக்கு. பாண்டிச்சேரில என் அத்தை வீடு ஈஸ்வரன் கோயில் பக்கம், கீழ தமிழ் வீடு மேல பிரெஞ்சு மாடி வெச்ச வீடு, அவங்க முத்தத்துல ரெண்டு அவுட்டோர் யூனிட் ஓடுது, ரூம் குளிருது, ஆனா முத்தத்த சுத்தி இருக்குற தாழ்வாரமும் சமையக்கட்டும் உலை மாதிரி கொதிக்குது. இருக்காதா பின்ன? ஒரு டன் ஏசி ரூம்லேருந்து மூன்றரை கிலோவாட் சூட்ட எடுத்து, தான் எடுத்துக்குற கரண்ட்டோட சூட்டையும் சேத்து நாலு நாலரை கிலோவாட்டா வெளிய தள்ளுது. அத வீட்டோட நடுவயித்துல கொட்டுனா அது மறுபடி எங்க போவும்? முத்தம் வீட்டுச் சூட்ட மேல தூக்கி அனுப்பத்தான் இருக்கு, அதுக்குள்ளயே சூட்ட ஊத்தக்கூடாது. தெருப் பக்கம் மாட்டுறதும் எனக்குப் பிடிக்கல. பாண்டியில வைசியாள் வீதில பழைய கட்டடங்கள காப்பாத்துற இன்டாக் அமைப்புக்காரங்க பொறுமையா பல வீட்டுத் திண்ணையையும் தாவாரத்தையும் மீட்டு எடுத்து வெச்சிருக்காங்க, அந்த மாதிரி ஒரு முகப்புல இரும்புக் கையில ஒரு பொட்டி தொங்குனா பாக்கவே மனசு கேக்கல.

எங்களுது கொல்லையில, வடக்குச் சுவரோரம், நெழல்ல. பைப் நீளம் கூடுச்சு, காசு கூடுச்சு, கொஞ்சம் கேஸும் கூடுதலா ஏத்தணும், பரவால்ல. சுவத்துல தொங்க விடாம தரையில ஒன்றரை அடிக்கு சிமென்ட் மேடை கட்டி அதுல வெச்சோம், 2015 மழைக்கு கொல்லையில தண்ணி எவ்வளவு நின்னதுன்னு அம்மா சுவத்துல கோடு காட்டுனாங்க, அதுக்கு மேல. உப்புக்காத்துக்கு அலுமினியத் தகடுங்க ரெண்டே வருஷத்துல மாவு மாதிரி உதிர்ந்து போறத பக்கத்து வீடுங்கள்ல பாத்திருக்கேன், அதனால காப்பர் காயில், மேல பூச்சு உள்ளதா கேட்டு வாங்குனோம், மாசம் ஒரு தடவ மெயின ஆஃப் பண்ணிட்டு நல்ல தண்ணிய மெதுவா ஊத்திக் கழுவுறேன்.

சுவத்துல ஓட்டை போடுறப்பதான் சண்டை. சுத்தியும் உளியும் எடுத்தாங்க. சுண்ணாம்புச் சுவத்த அப்படி அதிரடிச்சா ஒரு பக்கம் அடிக்க இன்னொரு பக்கம் பூச்சு கூடை கூடையா விழும். கோர் கட்டிங் மெஷின் வந்தாத்தான் வேலைன்னு நின்னுட்டேன், மதியத்துக்கு மேல வந்தது. ஒன்றரை அடி சுவரு, அவங்க பிட்டு பத்தல, நீளக்கம்பி சேத்து மெதுவா, வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவா துளைச்சாங்க, சரிவு இல்லன்னா தண்ணி உள்ள வந்துடும். உருளையா ஒரு துண்டு வெளிய வந்தது பாருங்க, அத நான் எடுத்து வெச்சிருக்கேன். மேல நாலஞ்சு கோட்டு வெள்ளை, ஒண்ணு மேல ஒண்ணா, நடுவுல ஒரு நீலம் கூட. அடுத்து சுண்ணாம்புப் பூச்சு, அதுக்குள்ள முழுசா வேகாத கிளிஞ்சல் துண்டு, அரிசி சைஸ்ல, இன்னும் மினுக்குது. கடற்கரையில பொறுக்குன கிளிஞ்சல சுட்ட சுண்ணாம்பு. அப்பறம் செவப்பா செங்கல், கையில தேச்சா மாவு வரல. அந்தத் துண்ட அப்பா கையில கொடுத்தேன், மோந்து பாத்தாரு.

பூச்சுல ஸ்க்ரூ நிக்காது, ரெண்டு நாள்ல பொத்துக்கிட்டு வந்துடும், அதனால ஒரு தேக்குப் பலகைய செங்கல் வரைக்கும் போற நீளமான போல்ட்டுல இறுக்கி அதுல இன்டோர மாட்டுனாங்க. அடுத்தது வேக்யூம், அதாவது பைப்புக்குள்ள இருக்குற காத்த பம்ப் வெச்சு உறிஞ்சி எடுக்குறது. "கொஞ்சம் கேஸ விட்டு காத்த வெளிய தள்ளிடலாம் மேடம், அஞ்சு நிமிஷ வேலை"ன்னாங்க. பைப்புக்குள்ள ஈரக்காத்து நின்னா அது எண்ணெயோட சேந்து ஆசிடா மாறி கம்ப்ரஸர அரிக்கும், நம்ம ஊர்க் காத்துல ஈரத்துக்குக் கேக்கவே வேணாம். இதுல இருக்குறது ஆர்32, லேசா தீப்பிடிக்கிற கேஸ், அத வீட்டுப் பக்கத்துல தொறந்து விடுறது ஒரு பழக்கமா? பம்ப் போட்டு அரை மணி நேரம் உறிஞ்ச வெச்சுத்தான் விட்டேன். அந்தப் பையனுங்க மேல எனக்கு வருத்தம் இல்ல, கத்திரியில ஒரு நாளைக்கு அஞ்சாறு வீடு மாட்டணும்னு அவங்களுக்கு மேலேருந்து நெருக்கடி, மோர் கொடுத்தேன், குடிச்சிட்டு நிதானமா செஞ்சுட்டுப் போனாங்க.

இப்ப 27-ல வைக்கிறோம். 2020-லேருந்து வர்ற ஏசிங்க எல்லாம் ஆன் பண்ணா 24-ல நிக்கிற மாதிரி அரசாங்கமே ஆக்கியிருக்கு, அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு 18-ல வெச்சு கம்பளி போத்திக்கிட்டுப் படுத்தாங்க. பழைய வீட்டுல 18 வைக்கவே கூடாதுங்கறதுக்கு கரண்ட்டு பில்லு போக இன்னொரு காரணமும் இருக்கு. வெளிய 30 டிகிரி, எண்பது பர்சென்ட் ஈரம்னா 26 டிகிரிக்குக் கீழ எது குளிர்ந்தாலும் அதுமேல தண்ணி வேர்க்கும். ரூமுக்கு இந்தப் பக்கம் கூடத்துச் சுவரு, கதவு, கண்ணாடி எல்லாம் அந்தக் குளிருக்கு வேர்த்து நிக்கும். சுண்ணாம்புன்னா வாங்குன ஈரத்த பகல்ல விட்டுடும், பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சிருந்தா உள்ள சிக்கிக்கிட்டு ஓதம் காத்து, பெயின்ட் கொப்புளம் கொப்புளமா தூக்கும். கூடத்துல இருந்த எமல்ஷன சுரண்டி எடுத்துட்டு அங்கயும் சுண்ணாம்பே அடிச்சிட்டோம், சட்டையில ஒட்டுதுன்னு தம்பி பசங்க சொல்றாங்க, சாயாம உக்காரட்டும்.

இனிமே பாக்க வேண்டியது பின்னாடி ஓட்டு ரூமு, தம்பி குடும்பம் வந்தா படுக்குற எடம். அங்க கணக்கே வேற. ஓடு லேசு, அது சூட்ட சேத்து வைக்கிறதில்ல, பதினொரு மணிக்கு மேல கொதிக்கும், பொழுது சாஞ்சு ஒரு மணி நேரத்துல ஆறிடும், ராத்திரி இடுக்கு வழியா காத்தும் வரும். அந்த ஆயிரம் இடுக்கோட ஏசி போட்டா குளிர வானத்துக்கு விக்கிற மாதிரிதான். அடைச்சா ஓட்டுக்குக் கீழ இருக்குற பனஞ்சட்டம் என்ன ஆவும்னு மேஸ்திரிகிட்ட கேட்டேன், மழைக்கு முன்னாடி வந்து ஓடு மாத்துறப்ப பாத்துட்டுச் சொல்றேன்னாரு. அது வரைக்கும் அங்க பாய்தான், ஒரு பிஎல்டிசி ஃபேன் மட்டும் வாங்கி மாட்டியிருக்கு, பழைய ஃபேன் எடுத்துக்கிட்ட கரண்ட்டுல பாதி கூட இது எடுக்கல. அத்தை வீட்டு முத்தத்துல இருக்குற ரெண்டு அவுட்டோரையும் மாடிக்கு ஏத்தலாமான்னு அடுத்த வாரம் ஆளு வந்து பாக்குறாங்க, பைப்ப மரப்படிக்குப் பின்னால கொண்டு போனா முடியும்னு எனக்குத் தோணுது, நேர்ல போய் டேப் வெச்சு அளந்து பாக்கணும்.